இல்லாத ஏரி எங்கிருந்து வந்தது? வாசகர் கேள்வி–பதில்

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஏரித் தண்ணீர் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். பதில் எழுதியவர்கள் ஏரிப் பாசனத்திலும் நில அளவையிலும் நீண்ட காலம் வேலை பார்த்தவர்கள்.

கேள்வி: அய்யா, நாங்கள் மனை வாங்கும்போது அந்த இடம் ஆடு மேயும் தரையாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஏரி என்றார்கள். தண்ணீரைக் கண்ணால் பார்த்ததில்லை. 2021 நவம்பரில் ஒரே ராத்திரியில் வாசல்படிவரை வந்துவிட்டது. வடிய மூன்று வாரம் ஆனது. அதற்குப் பிறகு மறுபடி மொட்டைத் தரை. இல்லாத ஏரி எப்படி வந்தது? (வாசகி, காட்பாடி)

பதில்: ஏரி அங்கேயேதான் இருந்தது, அம்மா. அதுவரை தண்ணீர் உங்கள் பக்கம் எட்டவில்லை, அவ்வளவுதான். வடாற்காட்டு ஏரி என்பது சரிவான நிலத்தின் குறுக்கே பிறை மாதிரி போட்ட மண்கரை. கரையோரம் பத்துப் பன்னிரண்டு அடி ஆழம் இருக்கும். கரையை விட்டு எதிர்ப்பக்கம் போகப் போக ஆழம் குறைந்து, கடைசியில் கணுக்கால் அளவாகிவிடும். உங்கள் மனை அந்தக் கணுக்கால் ஓரத்தில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டால் புரியும். ஏரியின் உள்தரை 400 அடிக்கு 1 அடி சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒன்றரை அடி ஏறினால் எதிர்ப்பக்கம் 600 அடி தூரம் பரவும். கரைமேல் நிற்பவர் கண்ணுக்கு அந்த ஒன்றரை அடி பெரிதாகத் தெரியாது. ஆனால் நகர் பக்கம் அது நாலைந்து தெரு.

ஒரே ராத்திரியில் வந்ததற்குக் காரணம் மலை. வேலூரைச் சுற்றியிருப்பது பெரும்பாலும் மொட்டைப் பாறை. மழையைக் குடிக்க அங்கே மண் கிடையாது. 5 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது 5 லட்சம் கன மீட்டர். பாதி ஏரிக்கு வந்தால்கூட 12,000 லிட்டர் லாரியில் இருபதாயிரம் லாரிக்கு மேல். ஏற்கெனவே ஐப்பசி மழையில் நனைந்து ஊறிய தரையாக இருந்தால் பாதிக்கு மேலேயே வந்து சேரும்.

வடிய மூன்று வாரம் ஆனதும் கணக்குப்படிதான். ஏரி நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் கல்தளத்துக்குக் கோடி என்று பெயர். கோடி மட்டத்துக்கு மேலே உள்ள தண்ணீர் சில நாளில் வழிந்து போகும். அதற்குக் கீழே நிற்பது மதகு வழியாகப் போக வேண்டும், அல்லது ஆவியாகி, தரையில் ஊறிப் போக வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வெயில் இல்லை. ஆவியாவது நாளுக்கு 3, 4 மில்லிமீட்டர்தான். ஆயக்கட்டு, அதாவது ஏரி பாயும் வயல், மனைகளாகி மதகை யாரும் திறக்காத ஏரிகளில் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்பது இதனால்தான்.

இடையில் பல ஆண்டு ஏரி நிறையாததற்கும் காரணம் உண்டு. மேலே தடுப்பணை, குப்பையால் அடைபட்ட வரத்துக்கால் (ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்), ஆழ்துளைக் கிணறுகளால் காய்ந்துபோன நிலத்தடி. முதல் மழையை எல்லாம் தரையே குடித்துவிடும். அந்த ஆண்டுகளில் சித்திரை மாதத்தில் மனை காட்டுவார்கள். வாங்குகிறவர் கார்த்திகையில் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: என் மனை ஏரியின் முழு நீர்மட்டத்துக்கு மேலா, கீழா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பட்டா இருக்கிறது. (வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: பட்டா உங்கள் உரிமையைச் சொல்லும், மட்டத்தைச் சொல்லாது. ஏரியின் உட்பக்க ஓரத்தில் பட்டா நிலங்கள் இருப்பது பழைய வழக்கம். தண்ணீர் ஏறும்போது முழுகும், இறங்கும்போது கம்போ கேழ்வரகோ விதைப்பார்கள். அந்த நிலம் மனையானால் பட்டா செல்லும், வீடு முழுகும்.

முதலில் கோடிக்குப் போங்கள். எங்கள் பக்கம் கோடி, கடைவாசல் என்கிறோம். தெற்கே கலிங்கு என்பார்கள். அதன் கல்தளத்தின் மேற்பரப்புதான் முழு நீர்மட்டம். பழைய கோடிகளில் அந்தத் தளத்தின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைப் பார்க்கலாம். அவற்றின் தலைமட்டம்தான் உச்ச வெள்ளத்தில் தண்ணீர் நிற்கும் மட்டம். ஆக, ஒரே இடத்தில் இரண்டு மட்டமும் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறது. வீட்டுக்கு முக்கியம் இரண்டாவது.

அந்த மட்டத்தை மனைவரை கொண்டுவர மேஸ்திரிகள் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் மட்டம் போதாது. இருபது முப்பது தடவை மாற்றி மாற்றி வைப்பதில் பிழை சேர்ந்து அரை அடிகூட தவறிவிடும், நமக்கு அந்த அரை அடிதான் கேள்வியே. லைசென்ஸ் உள்ள சர்வேயரை ஆட்டோ லெவல் கருவியோடு கூட்டி வாருங்கள். கோடியில் தொடங்கி மனைக்கு வந்து, திரும்பக் கோடியில் முடிக்கச் சொல்லுங்கள். தொடங்கிய எண்ணும் முடித்த எண்ணும் ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டருக்குள் ஒத்துப் போக வேண்டும்.

காசு செலவில்லாத வழியும் ஒன்று இருக்கிறது. ஏரி கோடி போகத் தொடங்குகிற அன்று, காற்று அடங்கிய விடியற்காலையில், தண்ணீரின் ஓரம் எங்கே நிற்கிறதோ அங்கெல்லாம் முளையடித்துச் சுண்ணாம்பு பூசுங்கள். ஏரியைச் சுற்றி அந்தக் கோடு முழுக்க ஒரே மட்டம். எந்தக் கருவியும் இவ்வளவு சரியாகப் போடாது. வரத்துக்கால் வாயருகே மட்டும் தண்ணீர் ஓட்டத்தால் கோடு கொஞ்சம் மேலே தெரியும், அந்த இடத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முளை போட்ட இடத்தைக் கைப்பேசியில் தேதி தெரியப் படம் எடுத்து வையுங்கள்.

பதிவேட்டையும் பாருங்கள். தமிழக அரசின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு கொடுத்தால் நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடும் எல்லையைக் காட்டும் புலப்படமும் கிடைக்கும். உங்கள் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். நான்கு பக்கமும் உள்ள எண்களையும் தட்டிப் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால், புறம்போக்கு என்று எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் தண்ணீர் வரும்.

கடைக்கால் தோண்டும்போதும் மண்ணே பேசும். மேலே கொட்டிய கிராவலுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் வழவழப்பான வண்டல், அதில் சின்னச் சின்ன நத்தை ஓடு, காய்ந்தால் விரல் நுழையும் வெடிப்பு. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் அது ஏரி உட்புறம்தான்.

கேள்வி: எங்கள் ஊரில் விவசாயிகள் கோடியில் மணல் மூட்டை அடுக்குகிறார்கள். நகர் பக்கத்தவர்கள் ராத்திரியில் வந்து கோடியை இடிக்கிறார்கள். யார் செய்வது சரி? (வாசகர், ஆற்காடு)

பதில்: இரண்டும் தவறு. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருப்பதால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

கோடியின் நீளம் சும்மா வைத்ததல்ல. சென்னை மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே புழக்கத்துக்கு வந்த, உச்ச வெள்ளத்தைக் கணிக்கும் ரைவ்ஸ் வாய்ப்பாட்டை இன்றும் ஏரி வேலைகளில் போடுகிறோம். நீர்ப்பிடிப்பின் பரப்பை மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி ஒரு கெழுவால் பெருக்க வேண்டும். கடலிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் 6.8, அதற்கு மேல் 160 வரை 8.5, மலையடிவாரத்தில் 10.2. 5 சதுர கிலோமீட்டருக்கு 8.5 போட்டால் நொடிக்கு ஏறக்குறைய 25 கன மீட்டர் வரும். பழைய கணக்கில் 880 கன அடி.

இந்த வெள்ளம் 30 மீட்டர் நீளக் கோடியில் போனால் கல்தளத்துக்கு மேல் 62 சென்டிமீட்டர் உயரத்தில் ஓடும். அதே கோடியில் பாதி நீளத்தை மூட்டை போட்டோ, முள் முளைக்க விட்டோ, பாலம் கட்டியோ அடைத்துவிட்டால் 98 சென்டிமீட்டர் ஏறினால்தான் அதே தண்ணீர் வெளியே போகும். கூடுதல் 36 சென்டிமீட்டர். 400க்கு 1 சரிவில் அது 144 மீட்டர், அதாவது 470 அடி கூடுதலாக நகருக்குள் நுழையும். வெள்ளத்தில் ஒரு பங்கை ஏரியே உள்வாங்குவதால் நடப்பில் இந்த எண் சற்றுக் குறையும். வீடு முழுகுவதைவிடப் பெரிய ஆபத்து கரைக்கு. மண்கரையின் தலை உச்ச வெள்ள மட்டத்தைவிட ஒரு மீட்டராவது மேலே இருக்க வேண்டும். வண்டி ஏறி, மழையில் கரைந்து, அந்த ஒரு மீட்டர் பல ஊர்களில் அரை மீட்டராகிவிட்டது. அதில் 36 சென்டிமீட்டரை மூட்டைக்குக் கொடுத்தால் மீதி ஒரு சாண்கூட இல்லை. மண்கரை மேல் தண்ணீர் வழிந்தால் சில மணி நேரத்தில் கரை போய்விடும்.

நட்ட கற்களுக்கு இடையே புல்கட்டையும் களிமண்ணும் வைத்துத் தேக்கும் பழக்கம் முன்னோர்களுடையதுதான். ஆனால் அவர்கள் அதைச் செய்தது பெருமழை ஓய்ந்த பிறகு, கடைசித் தண்ணீரைப் பிடிக்க. ஐப்பசியில் வைக்கமாட்டார்கள். விவசாயிகளிடம் நாங்கள் சொல்வதும் அதுவே: மார்கழி பாதி தாண்டட்டும், பிறகு நீர்வளத்துறை ஆட்களுக்குச் சொல்லிவிட்டு வையுங்கள்.

கோடியை இடிப்பவர்களுக்கு: கல்தளம் பெயர்ந்தால் அடியில் இருக்கும் மண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டே போகும். நீங்கள் இரண்டு அடி இறக்க நினைப்பீர்கள், அது எட்டு அடி பள்ளமாகும். முழு ஏரியும் ஒரே மூச்சில் கீழ் ஊருக்குப் போகும்.

கேள்வி: அமெரிக்காவில் நூறு ஆண்டுக்கு முன் வற்றிய ஏரி 2023இல் திரும்பி வந்து பண்ணைகளை மூழ்கடித்தது என்று படித்தேன். உண்மையா? அது நம் ஏரி போலத்தானா? (கல்லூரி மாணவர், வேலூர்)

பதில்: உண்மைதான், தம்பி. கலிஃபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கின் தெற்குப் பகுதியில் இருக்கும் டுலாரே ஏரி அது. கிங்ஸ், கவியா, டூலே, கெர்ன் என்று நான்கு ஆறுகள் சியெரா நெவாடா மலையிலிருந்து இறங்கி அங்கே சேர்கின்றன. கடலுக்குப் போக இயல்பான வழி இல்லை. ஆறுகள் கொண்டுவந்த மண்ணே வடக்குப் பக்கம் மேடாகக் குறுக்கே நிற்கிறது. ஏரி மிக உயரமாக நிறைந்தால் மட்டும் அந்த மேட்டைத் தாண்டி வடக்கே வழியும். 19ஆம் நூற்றாண்டில் மிசிசிப்பிக்கு மேற்கே பரப்பில் மிகப் பெரிய நன்னீர் ஏரி அதுதான். அங்கே வாழ்ந்த யோக்குட்ஸ் பழங்குடிகள் அதைப் பா’ஆஷி என்று அழைத்தார்கள். மீனும் நாணலும் அவர்கள் பிழைப்பு.

பிறகு குடியேறியவர்கள் ஆறுகளை வாய்க்காலில் திருப்பி, ஏரித்தரையைக் கரை போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்து உழுதார்கள். பருத்தி, தக்காளி, குதிரை மசால் என்று கொழுத்த மண். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நான்கு ஆறுகளிலும் அணை வந்தது. ஏரி முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அணைகளுக்கு முன்னே 1938இல் வந்தது; அணைகளுக்குப் பிறகும் 1969, 1983, 1997 என்று வந்தது. 2023 மார்ச்சில் கடும் மழைப் புயல்கள், அதன் பின் மலையில் வரலாறு காணாத பனி உருகி, கோடைவரை தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. உச்சத்தில் ஏறக்குறைய 1,20,000 ஏக்கர் முழுகியது. 2024 தொடக்கத்தில் பெரும்பகுதி போய்விட்டது.

நம் ஏரியிலிருந்து அது வேறுபடும் இடம் முக்கியம். நம் ஏரிக்குக் கோடி இருக்கிறது. மிச்சத் தண்ணீர் அடுத்த ஏரிக்கோ பாலாற்றுக்கோ போகும். அங்கே கோடி கிடையாது. அதனால் அங்குள்ள சண்டை, எந்தப் பண்ணையின் கரையை முதலில் உடைத்துவிடுவது என்பது. 2023இல் அதுதான் நடந்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. ஏரியோரத்தில் உள்ள கார்க்கரன் என்ற ஊர் நிலத்தடி நீரை உறிஞ்சியதால் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. 14 ஆண்டில் சில இடங்களில் 11 அடிக்கு மேல். களிமண் அடுக்கில் இருந்த தண்ணீரை எடுத்ததும் அந்த அடுக்கு நசுங்கிவிட்டது. மறுபடி மழை பெய்தாலும் அது உப்பி எழாது. ஊரைக் காக்கும் கரையும் ஊரோடு சேர்ந்து இறங்குகிறது. 2017இல் உயர்த்தினார்கள், 2023இல் மறுபடி உயர்த்தினார்கள். வேலூர்ப் பக்கம் அடியில் கடினப் பாறை என்பதால் நிலம் இப்படி இறங்காது. அந்தக் கவலை நமக்கு வேண்டாம்.

கேள்வி: ஆண்டுதோறும் வந்து போகும் ஏரியோடு நிம்மதியாக வாழும் ஊர் உலகில் இல்லையா? (வாசகி, குடியாத்தம்)

பதில்: இருக்கிறது. சுலோவேனியா நாட்டில் செர்க்னிக்கா ஏரி. சுண்ணாம்புப் பாறைத் தரை. மழை வந்தால் அடியில் உள்ள துளைகள் வழியாகத் தண்ணீர் மேலே பொங்கி, நிறைந்தால் 25 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவும். வறண்டால் அதே துளைகளில் இறங்கிவிடும். மீன் பிடித்த இடத்திலேயே அதே ஆண்டில் புல் அறுப்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் வால்வாசர் என்ற அறிஞர் இதை விவரித்து எழுதியதற்காகவே லண்டன் ராயல் சொசைட்டியில் இடம் பெற்றார். கிராமங்கள் எல்லாம் ஓரத்து மேட்டில். ஏரித்தரையில் வீடு இல்லை.

அயர்லாந்தில் இப்படிப்பட்ட ஏரிகளை டர்லாக் என்கிறார்கள். கால்வே பகுதியில் 1995, 2009, 2015–16 குளிர்காலங்களில் அவை வழக்கத்தைவிட ஏறி வீடுகளையும் சாலைகளையும் முழுக்கின. ராஸ்காமனில் ஃபன்ஷினா என்ற ஏரி சில ஆண்டுக்கு ஒருமுறை தானாகவே வடிந்து காலியாகும். 2016க்குப் பிறகு வடிவது குறைந்து, கரையோரக் குடும்பங்கள் தவித்தன. வடிகால் துளையின் அளவு மாறாது. வரும் மழையின் அளவு மாறும்.

கேள்வி: ஒரு ஊரே ஏரியில் போனதுண்டா? (வாசகர், ஆம்பூர்)

பதில்: அர்ஜென்டினாவில் எபேகுவென். உப்பு ஏரிக்கரைச் சுற்றுலா ஊர். 1985 நவம்பர் 10இல் காப்புக் கரை உடைந்தது. மெல்ல மெல்ல 10 மீட்டர்வரை தண்ணீர் ஏறியது. 2009 வாக்கில்தான் இடிபாடுகள் வெளியே தெரிந்தன. தண்ணீர் மெல்ல ஏறியதால் மக்கள் வெளியேற முடிந்தது. அமெரிக்காவின் வட டகோட்டாவில் டெவில்ஸ் ஏரியும் வெளிவழி இல்லாதது. 1993 முதல் 2011வரை ஏறக்குறைய 30 அடி ஏறியது. முன்பு ஏரியிலிருந்து 8 மைல் தள்ளியிருந்த மின்னவாக்கன் என்ற ஊரின் வாசலுக்கே தண்ணீர் வந்து, ஊரின் ஒரு பகுதியை மேட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

கேள்வி: 1903 வெள்ளம் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆற்று வெள்ளமா, ஏரி உடைப்பா? (வாசகர், வாணியம்பாடி)

பதில்: இரண்டும் ஒன்றாக வந்தது. 1903 நவம்பர் 12. பாலாறு கர்நாடகத்தில் பிறந்து 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் ஓடி நம்மிடம் வருகிறது. வழி நெடுக ஏரிகள். மேலே அன்றைய மைசூர் சமஸ்தானப் பகுதியில் ஏரிகள் அடுத்தடுத்து உடைந்து, அந்தத் தண்ணீர் முழுக்க ஆற்று வெள்ளத்தோடு சேர்ந்தது. வாணியம்பாடியில் ஏறக்குறைய 200 பேர் மாண்டனர். ஊரில் இருக்கும் நினைவுத்தூண் அவர்களுக்காக எழுப்பியது. நவம்பர் 12இல் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

ஏரிச்சங்கிலியின் பலமும் பலவீனமும் ஒன்றே. மேல் ஏரியின் கோடித் தண்ணீர் கீழ் ஏரிக்கு வரத்து. மேலே ஒன்று உடைந்தால், கீழே உள்ள ஏரிக்கு அதன் கோடி தாங்கக்கூடியதைப்போலப் பல மடங்கு தண்ணீர் ஒரே நேரத்தில் வரும். அதுவும் உடையும். இரண்டு ஏரித் தண்ணீர் மூன்றாவதுக்குப் போகும். அதனால் உங்கள் ஊர் ஏரி மட்டும் நன்றாக இருந்தால் போதாது. மழைக்கு முன் மேலே உள்ள இரண்டு ஏரிகளின் கோடியையும் போய்ப் பாருங்கள்.

2021 நவம்பரில் வாலாஜா பக்கத்துப் பாலாறு அணைக்கட்டில் நொடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் போனது. 1903க்குப் பிறகு அவ்வளவு தண்ணீர் வரவில்லை என்றார்கள். இரண்டுக்கும் இடையே 118 ஆண்டு. மணல் ஆறு என்று நினைத்து ஆற்றுக்குள்ளேயே கட்டினவர்கள் அன்று வீடு இழந்தார்கள்.

கேள்வி: பல்லவர் காலத்து ஏரிகள் இவ்வளவு பெரிதாக இருந்தும் பழைய ஊர்கள் முழுகவில்லையே, எப்படி? (வாசகர், காவேரிப்பாக்கம்)

பதில்: உங்கள் ஊரையே பாருங்கள். காவேரிப்பாக்கம் ஏரிக்கரை 8 கிலோமீட்டருக்கு மேல். கல்வெட்டுகளில் ஊருக்கு அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர், மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர் அது. மகேந்திரவாடியில் குடைவரைக் கல்வெட்டே மகேந்திர தடாகத்தைக் குறிப்பிடுகிறது. இவற்றைச் சுற்றிய பழைய கிராமங்களின் நத்தத்தை (குடியிருப்பு இடத்தை) வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், கரையின் ஓர் ஓரத்திலோ வயலுக்கு நடுவே மேட்டிலோதான் இருக்கும். உட்புறம், அதாவது தண்ணீர் பரவும் பக்கம், மேய்ச்சலுக்கும் தோப்புக்கும் விட்டிருப்பார்கள். உத்திரமேரூரில் ஏரியைப் பார்க்கவே ஏரிவாரியம் என்று தனிக் குழு. அதைத் தேர்ந்தெடுக்கும் முறையை முதலாம் பராந்தகச் சோழன் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. நம் காலத்துப் பிழை, அந்த மேய்ச்சல் தரையைக் காலி மனையாகப் பார்த்தது.

கேள்வி: வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் 2021இல் தண்ணீர் வந்தது அகழி உடைந்ததாலா? (வாசகி, வேலூர்)

பதில்: உடைப்பு இல்லை. அகழி நிரம்பி மட்டம் ஏறியது. கோயில் தரை தாழ்வானது. தண்ணீர் ஊற்றாக உள்ளே ஏறி நின்றது. அகழிக்கும் கோடி வேண்டும். வெளியேறும் பழைய வழி அடைபட்டால் அகழியும் ஓர் ஏரிதான்.

கேள்வி: ராத்திரி ஏரிக்கரையின் அடியில் தண்ணீர் கசிகிறது. ஊர்ப் பிள்ளைகள் களிமண் போட்டு அடைக்கலாமா? (வாசகர், அணைக்கட்டு)

பதில்: தயவுசெய்து வெளிப்பக்கம் களிமண் வைத்து அடைக்காதீர்கள். முதலில் டார்ச் அடித்து, ஒரு கண்ணாடி டம்ளரில் கசிவைப் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் கரை மூச்சுவிடுகிறது; மணிக்கு ஒருமுறை பார்த்தால் போதும். கலங்கலாக இருந்தால் கரையின் உள்ளே மண் அரித்து வருகிறது. நண்டு வளையோ, எலி வளையோ, வெட்டிய மரத்தின் அழுகிய வேரோ வழி கொடுத்திருக்கும். அதை வெளியே அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் வேறு வழி தேடும், கரையின் உடம்பு முழுக்க ஊறி ஒரு பக்கமாகச் சரியும்.

செய்ய வேண்டியது இது. கசியும் வாய் மேல் ஆற்றுமணல் ஒரு அடி, அதன் மேல் முக்கால் அங்குல ஜல்லி ஒரு அடி. தண்ணீர் வரும், மண் வராது. அதைச் சுற்றி இரண்டு மீட்டர் விட்டத்தில் மணல் மூட்டையால் கிணற்று உறை மாதிரி வட்டம் கட்டுங்கள். உள்ளே தண்ணீர் மூன்று நான்கு அடி ஏறியதும் எதிர் அழுத்தம் கொடுக்கும், கலங்கல் குறையும். முழுக்க நிறுத்தப் பார்க்காதீர்கள்; வட்டத்தின் மேல்வாயிலிருந்து தெளிந்த தண்ணீர் வழிந்து போகட்டும். உட்பக்கம், அந்த இடத்துக்கு நேரே தண்ணீரில் சுழல் தெரிந்தால் தார்ப்பாயின் ஓரங்களில் மணல் மூட்டை கட்டி இறக்குங்கள். இடுப்பில் கயிறு கட்டாமல் யாரும் இறங்கக் கூடாது.

மூட்டை கட்டுவதிலும் தவறு நடக்கிறது. சிமென்ட் சாக்கை மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும். கழுத்துவரை நிரப்பிக் கட்டினால் உருண்டையாகி இடைவெளி விடும். வாயைக் கட்டாமல் மடித்து அடியில் வைத்து, செங்கல் போல இணைப்பு மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் மிதிக்க வேண்டும். உயரம் ஒன்று என்றால் அடி அகலம் மூன்று. அதே நேரம் தாசில்தார் அலுவலகத்துக்கும் 1077 என்ற மாவட்டப் பேரிடர் உதவி எண்ணுக்கும் சொல்லி, கரைக்குக் கீழே உள்ள வீடுகளை எழுப்பிவிடுங்கள். சொல்வதற்கு விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: தண்ணீர் வடிந்த பிறகு சம்ப் தண்ணீரை எப்போது பயன்படுத்தலாம்? (வாசகி, கன்சால்பேட்டை)

பதில்: உள்ளே இருப்பதை முழுக்க இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு, 1,000 லிட்டருக்கு 5 கிராம் பிளீச்சிங் பவுடர், ஒரு தேக்கரண்டி அளவு, வாளியில் கரைத்துத் தெளிந்ததை ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் விட்டுத்தான் எடுக்க வேண்டும். குடிக்கக் காய்ச்சியே குடியுங்கள். பவுடர் பழையதாக, வாசனை போயிருந்தால் வேலை செய்யாது. கழிவுத்தொட்டியின் குழாயில் ஒருவழி வால்வு போட்டுவிட்டால் அடுத்த தடவை வீட்டுக்குள் அது எதிர்த்து வராது. சுவிட்ச் போர்டு நனைந்திருந்தால் எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை மெயினைப் போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஏரியில் பாசனமே இல்லை. கோடியை இரண்டு அடி இறக்கிவிட்டால் தொல்லை தீருமே? (நலச்சங்கத்தினர், காட்பாடி)

பதில்: உங்களுக்குத் தீரும், கீழே தொடங்கும். கோடி இறங்கினால் சின்ன மழைக்கும் உபரி ஓடையில் தண்ணீர் வரும். அந்த ஓடை புலப்படத்தில் என்ன அகலம், தரையில் என்ன அகலம் என்று அளந்து பார்த்தீர்களா? முதலில் அந்த அகலத்தை மீட்க மனு கொடுங்கள்; ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஏரி இரண்டு அடி இறங்கினால் உங்கள் ஆழ்துளைக் கிணறும் கோடையில் அதை உணரும்.

கோடியைத் தொடாமல், அதன் ஓரத்தில் ஷட்டர் வைப்பது நல்ல வழி. பெருமழை எச்சரிக்கை வந்தால் முன்கூட்டியே இரண்டடி இறக்கி வைத்து, மழை ஓய்ந்ததும் மூடிக்கொள்ளலாம். இரண்டடி இறக்க எத்தனை நாள் வேண்டும் என்று பொறியாளரிடம் கேட்டு அதற்கேற்ற அளவு ஷட்டர் போடச் சொல்லுங்கள். சின்னதாக வைத்துவிட்டு மழை அன்று திறந்தால் பயனில்லை. திருகுத் தண்டுக்கு ஆடி மாதம் கிரீஸ் போட்டு முழுக்க ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். கிரீஸ் போடாத ஷட்டர் துருப்பிடித்து, வேண்டிய அன்று அசையாது. சாவிக் கைப்பிடி ஒன்று ஏரித் தண்ணீரைத் திறந்துவிடும் நீர்க்கட்டியிடம், ஒன்று கீழ் ஊர்க்காரர் ஒருவரிடம். திறப்பதற்கு முன் கீழ் ஊருக்குத் தண்டோராவோ வாட்ஸ்அப்போ போக வேண்டும். ஓடையில் மாடு கட்டியிருப்பார்கள்.